பதினொன்றாம் படுக்கையின் அலாரம்

கேள்வி: பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கடைசி நான்கு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில். போன மாதம் ஒரு நைட் டூட்டியில், பதினொன்றாம் படுக்கையில் இருந்த பெரியவர் இறந்துபோனார். மூன்று வாரமாக நான் பார்த்துக்கொண்டவர். குழாய்களை எடுத்து, உடலைத் துடைத்து, அவருடைய சாமான்களைப் பையில் போட்டு வைத்தேன். பேரப்பிள்ளைகளின் குரலைக் கேட்கவைக்க வீட்டார் ஒரு போனைக் கொடுத்திருந்தார்கள். நாங்கள்தான் அதற்கு தினமும் சார்ஜ் போடுவோம். பைக்குள் அந்தப் போனில் அலாரம் அடித்தது. எடுத்துப் பார்த்தால் திரையில் ‘பிபி மாத்திரை’ என்று இருந்தது. அணைத்துவிட்டு, அந்தப் படுக்கைக்கு அடுத்து யார் வருகிறார்கள் என்று கேட்கப் போய்விட்டேன். எதுவுமே தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் என் ஏழு வயது மகள் கீழே விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தாள். சுத்தம் செய்து கட்டுப் போட்டேன். “இதெல்லாம் ஒரு காயமா?” என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வை மனதைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. நான் கல்லாகிவிட்டேனா? ஆஸ்பத்திரியில் ‘மகிழ்ச்சியாக வேலை செய்வது எப்படி’ என்று ஒரு வகுப்பு வைத்தார்கள், என் லீவு நாளில், கட்டாயமாக. எல்லாரையும் சத்தமாகச் சிரிக்கச் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

எதுவுமே தோன்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் திரையில் என்ன எழுத்து இருந்தது என்பது ஒரு மாதம் கழித்தும் ஞாபகம் இருக்கிறது. தினமும் சார்ஜ் போட்டது ஞாபகம் இருக்கிறது. தோன்றாமல் இல்லை, தோன்றியதை அந்த நேரத்தில் வைக்க இடமில்லாமல் போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இந்த வித்தியாசம் முக்கியம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன்னால் நானும் ஆறு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள். கடைசி வருடத்தில் ஒரு நாள், கணவர் இறந்துபோன ஒரு அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், சார்ட்டில் நேரம் எழுத வேண்டுமே என்று. அவர் அதைக் கவனித்துவிட்டு மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டு, “நேரமாயிடுச்சா சிஸ்டர்?” என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். உங்கள் மகளின் பார்வையைப் பற்றிப் படித்தபோது அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தப் பெரியவரை முதலில் ‘பதினொன்றாம் படுக்கை’ என்றுதான் குறிப்பிடுகிறீர்கள். குறை சொல்லவில்லை, நாம் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம். 1960-இல் இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் நர்ஸ்களைப் பற்றி எழுதிய ஆய்வில் இதைத்தான் பிடித்தார். நோயாளிகளை அங்கே ‘பத்தாம் படுக்கை கல்லீரல்’, ‘பதினைந்தாம் படுக்கை நிமோனியா’ என்று சொன்னார்களாம். ஒரே நர்ஸ் ஒரே நோயாளியோடு ரொம்ப நேரம் இருந்துவிடாதபடி வேலையைத் துண்டு துண்டாக்கியிருந்தார்கள். ஒருத்தி எல்லாருக்கும் பிபி பார்ப்பாள், இன்னொருத்தி எல்லாருக்கும் மருந்து கொடுப்பாள். இது வசதிக்காக மட்டும் வந்த ஏற்பாடு கிடையாது, சாவையும் வலியையும் நாள் முழுக்கப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் பதற்றத்திலிருந்து தப்பிக்க நிறுவனமே கட்டிக்கொண்ட சுவர் என்றார் மென்சீஸ். சுவர் பதற்றத்தைக் கொஞ்சம் மறைத்தது, தீர்க்கவில்லை. கூடவே, வேலையில் கிடைக்கிற திருப்தியையும் அது மறைத்துவிட்டது. அங்கே பயிற்சிக்கு வந்த மாணவிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பேர் பாதியிலேயே போய்விட்டார்கள்.

ஆக, உங்களுக்கு வந்திருப்பது உங்கள் குணத்தில் முளைத்த கோளாறு இல்லை. தொழிலோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரு பழக்கம் அது. டூட்டியில் அது தேவையும்கூட. பதினொன்றில் ஒருவர் இறந்த ஐந்தாவது நிமிடம் பன்னிரண்டில் மானிட்டர் கத்தினால், கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்க முடியுமா? சிக்கல் என்னவென்றால், யூனிஃபார்மைக் கழற்றி மாட்டுகிற மாதிரி இந்தப் பழக்கத்தைக் கழற்றி மாட்ட முடியவில்லை. வீடுவரை கூடவே வந்து, ஏழு வயதுப் பிள்ளையின் முழங்காலைப் பார்த்து, “இது அவசரக் கேஸ் இல்லை, அடுத்தது யார்?” என்று கேட்கிறது.

இதற்கு ‘பர்ன் அவுட்’ என்று பெயர் சொல்லிவிடலாமா என்று கேட்பீர்கள். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் 1981-இல் இதை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் கொண்டுவந்தார். அவர் கணக்கில் மூன்று விஷயங்கள் சேர்ந்தது அது: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, வேலையில் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது. உங்கள் கடிதத்தில் இரண்டாவது தெரிகிறது, முதலாவதின் சாயல் இருக்கிறது. மூன்றாவது இல்லை என்றுதான் நினைக்கிறேன்; வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. ஒரு கடிதத்தை வைத்து அதற்குமேல் சொல்வது சரியில்லை. ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன் அவுட்டை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தத்தால் வருகிற, தொழில் சார்ந்த ஒரு நிலை என்றுதான் சொன்னது. கையாள வேண்டியது யார் என்ற கேள்வி அதிலேயே இருக்கிறது. அந்தக் கேள்வியைப் பிறகு பார்ப்போம்.

முதலில் அந்த நாளைப் பார்ப்போம். நைட் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். சாயங்காலம் மகள் விழுந்திருக்கிறாள். நடுவில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எழுதவில்லை. நானாக ஊகிக்கிறேன்: மூன்று, அதிகம் போனால் நான்கு. பகலில் உடம்பு விழிப்புக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்போது தூங்கப் போகிறோம். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அந்தத் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடச் சில மணி நேரம் குறைவாகத்தான் இருக்கும். 1997-இல் வந்த ஒரு ஆய்வில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. தூக்கம் கெட்ட மூளை அடுத்தவர் முகத்தில் இருப்பதைப் படிப்பதிலும் தடுமாறும். அப்படி ஒரு நிலையில் நீங்கள் காயத்தைச் சுத்தம் செய்து சரியாகக் கட்டுப் போட்டிருக்கிறீர்கள். கை தன் வேலையைச் செய்துவிட்டது, வாய்தான் வார்டிலேயே இருந்துவிட்டது. ‘நான் கெட்ட அம்மா’ என்ற தீர்ப்பை, தூங்காத ஒரு நாளின் சாட்சியத்தை வைத்து எழுதாதீர்கள்.

தூக்கத்துக்கு என்ன செய்வது என்று நர்ஸுக்கே சொல்லிக்கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் நோயாளிக்குச் சொல்வதை நாம் செய்வதில்லை என்பதும் உண்மை. நைட் டூட்டியின் பின்பாதியில் காபியை நிறுத்துங்கள். அதில் உள்ள காஃபினில் பாதி சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அறையை நன்றாக இருட்டாக்குங்கள். வீட்டில் யார் இருந்தாலும், நீங்கள் தூங்கும் நேரம் அவர்களுக்கும் நைட் என்று சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி கல் விஷயத்துக்கு வருகிறேன். கல்லாகாமல் இருப்பதற்கு, ஒவ்வொருவர் வலியையும் முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், “அவங்க இடத்துல உன்னை வெச்சுப் பாரு” என்று. டானியா சிங்கர் என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. அடுத்தவர் வலியை அப்படியே தானும் உணரப் பழகியவர்களுக்கு மனச்சோர்வான உணர்வுகள் கூடின. அதே ஆட்களுக்கு அப்புறம் வேறு ஒன்றைப் பழக்கினார்கள்: வலிப்பவர்மீது அக்கறை, அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற எண்ணம். அப்போது சோர்வு குறைந்தது, நல்ல உணர்வுகள் திரும்பின. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறாக இருந்தன. பரிவு ஊறிக்கொண்டே இருக்கக்கூடியது. தீர்ந்துபோவது வலியை வாங்கிச் சுமக்கிற தெம்புதான்.

வார்டில் இதற்கு என்ன அர்த்தம்? அந்தப் பெரியவர் இறந்ததை உங்கள் அப்பா இறந்ததைப் போல உணர வேண்டிய அவசியம் இல்லை. உடலைத் துடைக்கும்போது, “ஐயா, முகத்தைத் துடைக்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் துடைத்தால் போதும். சில நர்ஸ்கள் இதைத் தானாகவே செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இறந்தவரிடம் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள். புதிதாக வந்தவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். ஆனால் இருபது வருடம் தாக்குப்பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இதற்கு ஆய்வு ஆதாரம் எதுவும் காட்டப்போவதில்லை, என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் செய்யலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்று ஒரு நர்ஸ். உயிரைக் காப்பாற்ற எல்லாரும் ஓடியாடி, முடியாமல் போனதும், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் கலைந்துபோவது அவரை உறுத்தியது. அதனால் எல்லாரையும் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நிற்கச் சொல்ல ஆரம்பித்தார். “இவர் யாருக்கோ பிள்ளையாக, துணையாக, நண்பராக இருந்தவர். நாமும் முடிந்ததைச் செய்தோம். சற்று அமைதியாக நிற்போம்” என்பார். பிரார்த்தனை கிடையாது, அவரவர் நம்பிக்கை அவரவர் மனதுக்குள். ‘த பாஸ்’ என்ற பெயரில் அது பல மருத்துவமனைகளுக்கும் பரவியது. உங்கள் பிரிவில் இதைக் கொண்டுவர மேலிடத்து உத்தரவு தேவையில்லை. உங்களோடு டூட்டியில் இருக்கும் இன்னொரு நர்ஸ் ஒத்துக்கொண்டால் போதும். அவரும் மறுத்தால் தனியாகவே நில்லுங்கள், திரையை இழுத்துவிட்டு, படுக்கை விளிம்பில் கையை வைத்துக்கொண்டு. அலாரம் அடித்த அந்த நிமிடத்தில் உங்களுக்குக் கிடைக்காமல் போனது இதுதான்.

சரி, உங்களால் முடியாத பகுதிக்கு வருகிறேன். உங்கள் பிரிவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள் என்று எழுதவில்லை. ‘அடுத்து யார் வருகிறார்கள்’ என்று உடனே கேட்கவேண்டிய அவசரத்திலிருந்தே ஊகிக்க முடிகிறது. லிண்டா எய்கன் என்ற நர்ஸிங் ஆய்வாளரும் அவர் குழுவும் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களை வைத்துச் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு ரொம்பப் பிரபலம். ஒரு நர்ஸின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நர்ஸ் பர்ன் அவுட் ஆகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. அதாவது நர்ஸின் மனநிலையும் நோயாளியின் உயிரும் ஒரே கணக்கில் வருகின்றன. இந்த எண்ணிக்கையைச் சிரிப்பு வகுப்பால் மாற்ற முடியாது.

இதோடு ஒட்டியது இன்னொன்று. சரியானது எது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் செய்ய விடமாட்டார்கள். இறக்கப்போகிறவர் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் உங்களைக் கூப்பிடுகிறார்கள். ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ அறிஞர் 1984-இல், நர்ஸ்களைப் பற்றி எழுதும்போதே இந்தத் தவிப்புக்கு ‘அறநெறித் துயரம்’ என்று பொருள்படும்படி ஒரு பெயர் கொடுத்தார். இது களைப்பு இல்லை. லீவு எடுத்தால் களைப்பு போகும், இது போகாது. மனசாட்சி சரியாக வேலை செய்கிறவர்களுக்குத்தான் வரும். இதற்கு மருந்து தனியாக உட்கார்ந்து மனதைத் தேற்றிக்கொள்வதில் இல்லை. நாலு பேர் சேர்ந்து, தேதி போட்டு, “இந்த நைட்டில் இத்தனை படுக்கை, இத்தனை நர்ஸ், செய்ய முடியாமல் போனது இவை” என்று எழுதி இன்சார்ஜிடம் கொடுப்பதில் கொஞ்சம் இருக்கிறது. உடனே ஆள் போட்டுவிட மாட்டார்கள். ஆனால் எழுதப்பட்ட ஒன்றைத் தள்ளிவிடுவது, புலம்பலைத் தள்ளிவிடுவதைவிடக் கஷ்டம். தவிர, முடியாமல் போனதற்குக் காரணம் நீங்கள் இல்லை என்பதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பீர்கள்.

அந்த வகுப்பில் கோபம் வந்தது என்றீர்களே, நல்லதுதான். கோபப்படுகிற அளவுக்கு உயிர் இருக்கிறது. ஆர்லி ஹோக்‌ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியபோது, உள்ளே ஒன்று இருக்க வெளியே வேறொன்றைக் காட்டுவதும் உழைப்புதான், அதுவும் ஆளைத் தேய்க்கும் என்றார். வாரத்தில் ஆறு நாள் அந்த உழைப்பைச் செய்கிறவரை ஏழாவது நாளும் வரவைத்து, “இன்னும் கொஞ்சம் சிரி” என்றால் வேறு என்ன வரும்? வகுப்பு நடத்தியவர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார். அந்த ஒரு நாள் உங்களைத் தூங்க விட்டிருந்தால் இன்னும் நல்ல மனதாக இருந்திருக்கும்.

மகிழ்ச்சிக்கென்று ஒரு சின்னப் பயிற்சி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது சோதிக்கப்பட்டது. மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 2005-இல் வெளியிட்டது: ஒரு வாரம், தூங்கப் போகும் முன், அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுத வேண்டும். செய்தவர்களில் பலருக்கு ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. பெரிதாக யோசிக்காதீர்கள். நரம்பே கிடைக்காத ஒருவருக்குக் கேனுலா ஊசி ஒரே குத்தில் ஏறியது என்று எழுதலாம். ‘ஏன்’ என்ற இடத்தில் “நான் அவசரப்படவில்லை” என்று எழுதுங்கள். பதினோரு வருடக் கைத்திறன் அது, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேலையை விடுவதா? நான் விட்டேன். விட்டதில் வருத்தமில்லை, விட்ட விதத்தில் உண்டு. தொடர்ந்து நான்கு நைட் முடித்த காலையில், கைப்பை தோளில் இருக்கும்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் தூங்கியிருந்தால் வேறு பிரிவு கேட்டிருப்பேனோ என்னவோ. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நான்கு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது நீண்ட காலம். வெளிநோயாளிப் பிரிவு, டயாலிசிஸ், குழந்தைகள் தடுப்பூசி, புதிய நர்ஸ்களுக்குப் பயிற்சி என்று நோயாளி எழுந்து வீட்டுக்குப் போவதைப் பார்க்கக்கூடிய இடங்கள் இருக்கின்றன. ஆறு மாதம் இடம் மாற்றிக் கேளுங்கள். கேட்டுக் கிடைக்காவிட்டால், அப்போது விடுவதைப் பற்றிப் பேசலாம். அப்படிப் போவது தோல்வி என்று யாராவது சொன்னால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். லீவு நாளிலும் தூக்கம் வரவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது, தூங்குவதற்காக வார்டு டிராலியிலிருந்து ஒரு மாத்திரையோ ஊசி மருந்துக் குப்பியோ பாக்கெட்டுக்குள் போகிறது — இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும், இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே போங்கள், தனியாக இருக்காதீர்கள். நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் மருந்து இருக்கிறது என்பதால் நம் தொழிலில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்றிருந்தால் வேறு மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் உங்கள் மகள். அந்தக் காயம் இந்நேரம் ஆறி, பொருக்கு உதிர்ந்திருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளாகப் பார்த்து, அந்த முழங்காலைக் காட்டச் சொல்லுங்கள். “அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா? அம்மா சரியாவே கேக்கல” என்று சொல்லுங்கள். எங்கே விழுந்தாள், யார் சிரித்தார்கள், எத்தனை சொட்டு ரத்தம் என்று அவள் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கடிகாரம் இல்லாத அறையாகப் பார்த்து உட்காருங்கள்.